கலரக்காவின் சும்மா குப்பி

"நான் கண்ணால பார்த்ததத்தானே சொன்னேன்? அது எப்படிப் பொய்யாகும்?"

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெண்மணி ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். வேதியியலில் நல்ல மதிப்பெண் வேறு. இருந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு குழந்தைகள் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு அவரும் அவருடைய தம்பியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பளபளவென்று உடுத்துபவர் என்று நினைத்துவிட வேண்டாம். சாயம் போன துணியையும் இன்னும் கொஞ்ச காலம் உடுத்தலாம் என்று மடித்து வைப்பவர். குழந்தைகளுக்கான மாவு தயாரிக்கும் தொழிற்சாலையில் அவர் பார்த்த வேலையால் வந்த பட்டப்பெயர் அது.

அந்த மாவு சோயாவிலிருந்து செய்யப்படுவது. பாலுக்குப் பதிலாகக் கரைத்துப் புட்டியில் கொடுப்பார்கள். சோயாவில் இயல்பாக இருக்கும் சில வைட்டமின்கள் சூட்டிலேயே போய்விடும் என்பதால், வெளியிலிருந்து வாங்கிய வைட்டமின் கலவையைக் கடைசியில் சேர்ப்பார்கள். அதில் பி ஒன் என்ற வைட்டமின் மிக முக்கியம். புட்டியை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தைக்கு அது கிடைக்காவிட்டால் நரம்பும் இதயமும் தளர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவை மாவு கலந்ததும், டப்பாவில் அடைப்பதற்கு முன், பி ஒன் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதைப் பார்ப்பவர் கலரக்கா. காட்டிக்கொடுப்பது தங்கம்.

தங்கம் என்றால் நமக்கு மஞ்சள்தான் கண்ணில் நிற்கும். அதையே கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், நல்ல சிவப்பாக, மாதுளைச் சாறு போல இருக்கும். நானோ துகள் என்பார்கள். துகள்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்வரை அந்தச் சிவப்பு மாறாது. எதுவாவது வந்து அவற்றை ஒட்டவைத்தால் ஊதாவாகி, பிறகு நீலமாகிவிடும். பி ஒன் அப்படி ஒட்டவைக்கும். மாவைக் கரைத்து, வடிகட்டி, ஒரு சிறு குழாய் வழியாக விட்டால் மற்றதெல்லாம் குழாயிலேயே நின்றுகொள்ளும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு வைட்டமினை மட்டும் கீழே இறக்குவார்கள். அதில் சில சொட்டு எடுத்துத் தங்கத் தண்ணீர் இருக்கும் குப்பியில் விட வேண்டும். நீலமானால் மாவு போகலாம். சிவப்பாகவே நின்றால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

குப்பியை ஒரு வெள்ளை டைல் துண்டின் மேல் வைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் காத்திருப்பார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே டப்பா அடைக்கும் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"கலரக்கா, இன்னைக்கு என்ன கலரு?"

"பொறுடி. தங்கம் வெக்கப்படுது. இப்பத்தான் ஊதாவுக்கு வந்திருக்கு."

"கழுத்துல ஒரு குண்டுமணி தங்கம் கிடையாது. இங்க குப்பி குப்பியாக் கலக்கிக் கொட்டுது பாரு!"

"கழுத்துல போட்டா கனக்கும்டி. இதுதான் சுகம்."

சிரிப்பு ஓயும்போது குப்பி நீலமாகியிருக்கும். அவர் ஜன்னலைத் தட்டிக் கட்டைவிரலைக் காட்டுவார். வெளியே இயந்திரம் ஓட ஆரம்பிக்கும்.

அந்த வேலையில் இன்னொரு குப்பியும் இருந்தது. அதில் தங்கத் தண்ணீரோடு மாவின் சாறு எதுவும் சேராது. குழாயில் விடும் அதே தண்ணீர் மட்டும் சில சொட்டு விடுவார்கள். அது சிவப்பாகவே இருக்க வேண்டும். இருந்தால்தான் பக்கத்துக் குப்பியின் நீலத்தை நம்பலாம். கலரக்கா அதற்கு வைத்த பெயர் சும்மா குப்பி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சும்மா குப்பி ஒரு தடவைகூட நிறம் மாறியதில்லை. பேருக்கு ஏற்றபடி சும்மாவே நின்றது. வேலை முடிந்ததும் அந்தத் தங்கத்தைக் கொட்டும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஆய்வறைப் பொறுப்பாளரிடம் சொல்லியும்விட்டார். அவர் கலரக்காவைவிட வயதில் சிறியவர். லேப் சார் என்று கூப்பிடுவார்கள்.

"சார், இந்தச் சும்மா குப்பி என்னிக்காவது மாறியிருக்கா? நல்ல தங்கத்தத் தினமும் சாக்கடைக்கு வார்க்கிறோம். மனசு கேக்க மாட்டேங்குது."

லேப் சார் யோசித்தார். "நீங்க சொல்றதும் சரிதான்க்கா. தண்ணி நம்ம தண்ணி. மாறப் போறதில்ல."

அடுத்த கூட்டத்தில் அவர் இதைத் தன் யோசனையாகவே சொன்னார். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். திரும்பி வந்து கலரக்காவிடம் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்து, "உங்க பங்குக்கா" என்றார். கலரக்காவுக்குச் சந்தோஷம்தான். அன்றிலிருந்து சும்மா குப்பிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

வீட்டில் அவர் தம்பியோடு இருந்தார். தம்பி வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். தம்பிக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்துப் பிறந்தான் ஒரு பையன். பிறந்தவன் அழுத அழுகையில் தெருமுனை வரை ஜன்னல்கள் திறந்தன. தொழிற்சாலையின் சங்கே தோற்றுப்போகும் என்று சொல்லிக் கலரக்காதான் அவனுக்கு சைரன் என்று பெயர் வைத்தார். வைத்த நல்ல பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"அண்ணி, உங்க சைரன் ஊதுறான், வந்து தூக்குங்க," என்பாள் தம்பி மனைவி.

"ஊதட்டும். நுரையீரல் நல்லா இருக்குன்னு அர்த்தம்," என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார் கலரக்கா.

"பசிச்சா ஒரு ஊது, ஈரமானா ரெண்டு ஊது. கணக்கா வச்சிருக்கான்க்கா," என்று தம்பி சிரிப்பார்.

பிரசவத்துக்குப் பிறகு தம்பி மனைவி சாப்பிட வேண்டியிருந்த மாத்திரைகளால் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழுதபோது கலரக்கா தேற்றினார்: "எதுக்கு அழற? ஊரான் வீட்டுப் புள்ளைக்கெல்லாம் பார்த்துப் பார்த்து அனுப்புறேன். என் தம்பி புள்ளைக்குக் குறை வைப்பேனா?" தொழிற்சாலையில் ஊழியர்களுக்குத் தரும் டப்பாக்கள் வீட்டுக்கு வந்தன. சைரன் மளமளவென்று குடித்தான்.

இந்தச் சமயத்தில்தான் ஆய்வறையில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் பாத்திரம் விரிசல் விட்டது. புதியது வரும்வரை என்ன செய்வது என்று கலரக்கா கேட்டார். டப்பா அடைக்கும் கூடத்தில் எல்லோரும் குடிக்கும் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் பிடித்துவரச் சொன்னார் லேப் சார். "நாம குடிக்கிற தண்ணிதானேக்கா, இதவிடச் சுத்தம் எங்க இருக்கு?"

குடிக்க அது நல்ல தண்ணீர்தான். ஆனால் ருசிக்காக அதில் உப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. உப்பும் தங்கத் துகள்களை ஒட்டவைக்கும். இது அவர்கள் இருவருக்கும் தெரியாத விஷயம் இல்லை. குடிதண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் உப்பு என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கேன் வந்த பிறகு குப்பிகள் முன்பைவிடச் சீக்கிரம் நீலமாயின. ஊதாவில் தயங்கக்கூட இல்லை.

"தங்கத்துக்கு வெக்கம் போயிடுச்சு போலக்கா," என்றாள் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி.

"மாவு நல்ல மாவுடி. சத்து கூட இருக்கு, அதான் சட்டுனு புடிக்குது," என்று கலரக்கா பெருமையாகக் கட்டைவிரலைக் காட்டினார்.

அந்தக் கலவைகளில் பி ஒன் இல்லவே இல்லை. வெளியிலிருந்து வந்த வைட்டமின் கலவையில் அதைச் சேர்க்க யாரோ விட்டுவிட்டார்கள். அவ்வப்போது வெளி ஆய்வகத்துக்கும் மாவு அனுப்புவார்கள். முடிவு வர நாளாகும். அதுவரை காவல் இந்தக் குப்பி ஒன்றுதான். அதுவோ தண்ணீரைப் பார்த்தே நீலமாகிக்கொண்டிருந்தது.

சைரன் முதலில் குடித்ததைக் கக்கினான். பிறகு புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். கண்ணிமை பாதி மூடியபடி கிடந்தான். ஒருநாள் காலையில் தம்பி மனைவி தொட்டிலருகே நின்று, "அண்ணி, இங்க வாங்களேன்" என்று மெல்லக் கூப்பிட்டாள். குழந்தையின் வாய் அகலத் திறந்திருந்தது. முகம் சுருங்கிச் சிவந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

கலரக்கா குனிந்து அவன் வாயருகே காதை வைத்தார். மூச்சு மட்டும் உரசிக்கொண்டு போனது.

"தொண்ட கட்டியிருக்கும்," என்றார். குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் படுக்கையில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளியாக இருக்கலாம் என்று மருந்து ஆரம்பித்தார் டாக்டர். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டு டப்பாவை வாங்கிப் பார்த்தார். எல்லா வைட்டமினும் அதில் அச்சடித்திருந்தது. "இதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்று திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் குழந்தை. கட்டட வேலை செய்யும் பெண்ணின் மகள். தாய் உடைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். அதில் சிமெண்டுக் கறை. குழந்தையின் இடது காதுக்குப் பின்னால் இலை போலச் சிவப்பாக ஒரு மச்சம்.

"பேரு என்னம்மா?" என்று கலரக்கா கேட்டார்.

"பேரெல்லாம் இன்னும் வைக்கலக்கா. மேஸ்திரின்னு கூப்பிடுறோம். படுத்த இடத்துல இருந்தே எல்லாரையும் வேலை வாங்குவா."

"எங்க வீட்ல இருக்கிறது சைரன்."

"நல்ல ஜோடி போங்க. அவன் ஊதினா இவ வேலைய ஆரம்பிச்சுடுவா."

இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தம்பி மனைவிகூட லேசாகச் சிரித்தாள். பிறகு மேஸ்திரியின் தலைமாட்டில் இருந்த டப்பாவைக் கலரக்கா பார்த்தார். அவர்கள் தொழிற்சாலை டப்பா. ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது அவருக்கு.

மேஸ்திரிக்கு வாந்தி மட்டும்தான். அது கொஞ்சம் நின்றதும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். துணிகளை மூட்டை கட்டும்போது அந்தப் பெண் கேட்டாள்:

"அக்கா, இந்த மாவு குடுக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் புள்ள இப்படி இருக்கு, வேற வாங்கலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. நான் படிக்காதவ. நீங்க அங்கயே வேலை செய்றீங்களாமே. என்ன பண்ணட்டும்?"

கலரக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்தாதம்மா. திடீர்னு மாத்தினா இன்னும் ஒத்துக்காமப் போயிடும். ஒவ்வொரு டப்பாவும் என் கண்ணு முன்னாடி நீலமாகித்தான் வெளிய போகுது. கண்ண மூடிக்கிட்டுக் குடு."

அதோடு விட்டிருக்கலாம். சைரனுக்காகக் கொண்டுவந்த புது டப்பா ஒன்று பையில் இருந்தது. அதையும் எடுத்து அவள் மூட்டைக்குள் வைத்தார். "உன் மேஸ்திரிக்கு அத்தை குடுத்ததா இருக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் கலரக்கா வேலைக்குப் போனார். லீவு எடுக்கலாம்தான்; ஆனால் சத்தமில்லாமல் அழும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. தங்கத் தண்ணீர் இருந்த பெரிய புட்டி காலியாகியிருந்தது. அடியில் கொஞ்சம் சிவப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவி வைக்கலாம் என்று கேன் தண்ணீரை அதில் ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கினார்.

சிவப்பு ஊதாவாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிவிட்டது.

மாவு இல்லை, சாறு இல்லை. புட்டியில் தங்கமும் தண்ணீரும்தான் இருந்தன.

அவர் புட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். ஸ்டூலில் ஏறி அலமாரி மேல்தட்டில் கவிழ்த்திருந்த சும்மா குப்பிகளை எடுத்தார். மூலையில் பழைய வடித்த தண்ணீர் ஒரு பாட்டிலில் மிச்சமிருந்தது. குப்பிகளையும் குழாயையும் அந்தத் தண்ணீரிலேயே கழுவி, அன்றைய மாவின் சோதனையை முதலிலிருந்து செய்து பார்த்தார். இடுப்பில் கை வைத்து நிற்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு குப்பிகளும் அருகருகே இருந்தன. இரண்டும் சிவப்பாகவே நின்றன.

ஜன்னலுக்கு வெளியே யாரோ, "என்னக்கா, இன்னைக்குத் தங்கம் ரொம்பவே வெக்கப்படுதா?" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. அவர் ஓடிப்போய் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கூடம் முழுக்க அமைதியாகிவிட்டது.

"லேப் சாரக் கூப்பிடுங்க. போன டப்பா எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க," என்றவர் செருப்பைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். இவர், "எம்மேல தப்பு," என்றாராம்.

டாக்டர் முன்னால் போய் நின்று ஒரே மூச்சில் சொன்னார்: "டாக்டர், இந்த மாவுல பி ஒன் இல்ல. நான்தான் பார்த்து அனுப்பினேன். இல்ல."

 டாக்டர் உடனே பி ஒன் ஊசி மருந்தை எடுத்துவரச் சொன்னார். பி ஒன் பற்றாக்குறையில் ஒரு விசித்திரம் உண்டு: மருந்து உள்ளே போனதும் குழந்தை சீக்கிரமே தேறிவிடும். அன்று மாலைக்குள் சைரன் கண்ணை முழுதாகத் திறந்தான். வாய் கோணியது. கிழிந்த துணியைப் போல ஒரு சத்தம் வந்தது.  தம்பி மனைவி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

கலரக்கா பக்கத்துப் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வேறு ஏதோ ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியின் அம்மா ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த முகவரிக்குத் தம்பி வண்டியில் அக்காவை அழைத்துக்கொண்டு போனார். அது கட்டடம் நடக்கும் இடம். வேலை முடிந்து தகரக் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கிளம்பிட்டாங்கம்மா. எந்த ஊருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் காவலாளி.

"ஒரு கைக்குழந்தை இருந்துச்சே. மேஸ்திரின்னு கூப்பிடுவாங்க."

"மேஸ்திரியா? மேஸ்திரிங்க நிறைய பேரு இருந்தாங்க. எந்த மேஸ்திரி?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கலரக்கா அங்கேயே செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

டப்பாக்களைத் திரும்பப் பெற்றார்கள். டி.வி.யிலும் செய்தித்தாளிலும் அறிவிப்பு வந்தது. படிக்கத் தெரியாத, டி.வி. இல்லாத ஒருத்திக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? விசாரணையில் லேப் சார், "சும்மா குப்பிய நிறுத்தலாம்னு சொன்னது அந்தக்கா தான்," என்றார். "ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார் கலரக்கா. அதற்குப் பிறகு லேப் சார் தலை நிமிரவில்லை. இருவருக்கும் வேலை போயிற்று. கலரக்கா இப்போது பை தைக்கும் கடையில் இருக்கிறார்.

தம்பி மகன் பிழைத்தான். நடை தாமதமாக வந்தது, பேச்சு அதைவிடத் தாமதமாக வந்தது, குரல் இன்றும் கரகரத்தே இருக்கிறது. அந்த வீட்டில் சைரன் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. தம்பி மனைவி கலரக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேட்டிருந்தா தேவல," என்று கலரக்கா என்னிடம் சொன்னார். எங்கே கட்டடம் எழும்பினாலும் தம்பியின் வண்டி தானாகவே வேகம் குறைகிறது. அக்கா இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வருவார். தம்பி வண்டியைக் கிளப்புவார்.

அவர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். அவர் பார்த்தது நீலம். சொன்னது "கண்ண மூடிக்கிட்டுக் குடு". இரண்டுக்கும் நடுவில் ஒரு சும்மா குப்பி நின்றிருக்க வேண்டும். இந்தப் பதிலை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: மேஸ்திரி இருக்கிறாளா?

இருந்தால் அவள் பள்ளிக்குப் போகும் வயது. இடது காதுக்குப் பின்னால் இலை போலச் சிவப்பு மச்சம் இருக்கும். அவள் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். படிக்கத் தெரியாதவர், இதைப் படிக்கப் போவதில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மணலும் செங்கல்லும் வந்து இறங்கினால், அங்கே வேலை செய்பவர்களிடம் இந்தக் கதையை வாயால் சொல்லுங்கள். அவர்களையும் அடுத்த இடத்தில் சொல்லச் சொல்லுங்கள். மேஸ்திரி நன்றாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஒரு வார்த்தை வந்து சேரட்டும். இங்கே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.